நீட் கிடைக்கவில்லை, பெங்களூரில் பி.எஸ்ஸி. உயிரியல் எடுக்கலாமா?

தம்பி, நீங்கள் கேட்டது: "பி.யு.சி.யில் (கர்நாடகத்து பிளஸ் டூ) பி.சி.எம்.பி. (இயற்பியல், வேதியியல், கணக்கு, உயிரியல்) முடித்தேன். நீட் மார்க் போதவில்லை. இங்கேயே பி.எஸ்ஸி. உயிரியல் எடுத்தால் டீச்சர் வேலை தவிர வேறு ஏதாவது கிடைக்குமா?"

கிடைக்கும். ஆனால் டிகிரியைப் பார்த்து யாரும் கூப்பிட மாட்டார்கள். கையில் என்ன வேலை தெரியும் என்றுதான் கேட்பார்கள்.

நான் அல்சூரில் வளர்ந்தேன். எனக்கும் மெடிக்கல் சீட் கிடைக்கவில்லை. பி.எஸ்ஸி., அப்புறம் எம்.எஸ்ஸி. மைக்ரோபயாலஜி. இப்போது பொம்மசந்திரா பக்கம் ஒரு மருந்துக் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். 2015-இல் சேர்ந்தபோது சம்பளம் 16,000 ரூபாய். முதல் மூன்று வருடம் கஷ்டம்தான், மறைக்க விரும்பவில்லை.

வேலை எப்படி என்று சொல்கிறேன். ஊசி மருந்து நிரப்பும் அறைக்குள் கண்ணுக்கும் கண்ணாடி போட்டு, தோல் துளியும் வெளியே தெரியாதபடி மூடிக்கொண்டுதான் போக முடியும். காற்றில் இருந்து கிருமி விழுகிறதா என்று பார்க்க, அகார் (கிருமி வளர்க்கும் கூழ்) ஊற்றிய தட்டுகளை அங்கே திறந்து வைப்போம், அதிகபட்சம் 4 மணி நேரம். பிறகு இன்குபேட்டரில் இதமான சூட்டில் வைத்து, வளர்ந்த காலனிகளை, அதாவது கிருமிக் கூட்டங்களை, எண்ணுவோம். நிரப்பும் இடத்துத் தட்டில் ஒன்றுகூட வரக்கூடாது. ஒரு நாள் வந்தது. கடுகு அளவில், மஞ்சளாக, ஒன்றே ஒன்று. பேட்ச் நின்றுபோனது. பாக்டீரியாவை வகை பிரிக்கும் கிராம் சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன்: ஊதா நிறத்தில் நான்கு நான்காக ஒட்டிய உருண்டைகள். மைக்ரோகாக்கஸ் என்ற பாக்டீரியா, மனிதத் தோலில் இருப்பது. கையுறையில் ஓட்டையா, உடை மாற்றும்போது தவறா என்று இரண்டு வாரம் தேடினோம். அந்த மருந்து யாரோ ஒருவருடைய நரம்பில் ஏறப்போகிறது என்ற நினைப்பு இருந்தால் இந்த வேலை அலுக்காது.

இந்தக் கைப்பழக்கம் எனக்கு வந்தது எம்.எஸ்ஸி. கடைசியில் செய்த ஆறு மாத புராஜெக்டில். அதற்கு முன்னால், பி.எஸ்ஸி. முடித்த கையோடு, ஒரு தனியார் பயிற்சி மையத்தில் 40,000 ரூபாய் கட்டினேன். டி.என்.ஏ.வை நகலெடுத்துப் பெருக்கும் பிசிஆர் மெஷினை வீடியோவில் காட்டினார்கள், சான்றிதழ் கொடுத்தார்கள். எந்த இன்டர்வியூவிலும் அதை யாரும் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. அப்பா சீட்டு எடுத்துக் கொடுத்த பணம் அது. தயவுசெய்து நீங்கள் அப்படி ஏமாந்துவிடாதீர்கள்.

ஆராய்ச்சியில் ஆசை இருந்தால் இதைவிட நல்ல ஊர் கிடைக்காது. ஐ.ஐ.எஸ்ஸி. (இந்திய அறிவியல் கழகம்), ஜி.கே.வி.கே. என்ற வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கும் என்.சி.பி.எஸ். (தேசிய உயிரியல் ஆராய்ச்சி மையம்), ஜக்கூரில் ஜவஹர்லால் நேரு ஆராய்ச்சி மையம், எல்லாம் ஒரு பஸ் தூரம். பி.எஸ்ஸி. முடித்ததுமே ஒருங்கிணைந்த பிஎச்.டி.க்குப் (எம்.எஸ்ஸி.யும் பிஎச்.டி.யும் சேர்ந்த படிப்பு) போகலாம்: ஐ.ஐ.எஸ்ஸி.க்கு ஜாம் (JAM) நுழைவுத் தேர்வு, என்.சி.பி.எஸ்.ஸுக்கு டி.ஐ.எஃப்.ஆர். (டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம்) நடத்தும் தேர்வு. எம்.எஸ்ஸி.க்குப் பிறகு நெட் (தேசியத் தகுதித் தேர்வு) எழுதி ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வாளர் தகுதி) வாங்கினால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை, 2023 முதல். ஆனால் ஐந்தாறு வருடம் போகும். என் தோழி பழ ஈக்களில் ஆய்வு செய்தாள். கூட்டுப்புழுவிலிருந்து வெளிவந்து 8 மணி நேரத்துக்குள் பெண் ஈக்களைத் தனியே பிரிக்க வேண்டும், விட்டால் இணைசேர்ந்துவிடும். அவளுடைய தீபாவளி, பொங்கல் எல்லாம் அந்த ஈக்கள் வைத்த நேரப்படிதான். வீட்டில் இப்போதே பேசி வையுங்கள்.

கம்ப்யூட்டர் பிடிக்குமானால் பைத்தான் என்ற புரோகிராமிங் மொழியும் புள்ளியியலும் சேர்த்துப் படியுங்கள். மரபணுத் தரவுகளை அலசும் கம்பெனிகள் இங்கே உண்டு. காலேஜ் வாத்தியார் ஆகவும் நெட் உதவும்.

"டீச்சர் வேலை தவிர" என்று எழுதியதுதான் மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. பி.யு.வில் எங்கள் மேடம் வெங்காய வேர் நுனியைச் சாயத்தில் ஊறவைத்து, கண்ணாடித் துண்டுக்கு நடுவே கட்டைவிரலால் நசுக்கிக் காட்டினார். செல் பிரியும்போது குரோமோசோம்கள் இரண்டு பக்கமும் இழுபட்டு நிற்பதை அன்றுதான் பார்த்தேன். நான் இந்தப் பக்கம் வந்ததே அதனால்தான்.

காலேஜ் தேர்ந்தெடுக்கும்போது பாடத்தின் பெயரில் 'பயோடெக்னாலஜி' இருக்கிறதா என்று பார்க்காதீர்கள். நேரில் போய் லேபைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். மைக்ராஸ்கோப் ஒருவருக்கு ஒன்றா, பத்துப் பேருக்கு ஒன்றா? நீராவியில் கிருமி கொல்லும் ஆட்டோகிளேவைக் கடைசியாக எப்போது ஓட்டினார்கள்? அங்கே இருக்கும் அட்டெண்டரிடம் கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவார்.