நைட்ரோ பக்கியை பிரஷ்லெஸ் ஆக மாற்றுகிறேன், 6எஸ் போடலாமா, 4எஸ் போதுமா?

கேட்டவரின் நிலைமை இது: கையில் ஒரு 1/8 அளவு நைட்ரோ பக்கி, அதாவது நைட்ரோ எரிபொருளில் ஓடும் ரிமோட் கார், இருக்கிறது, எஞ்சினையும் டேங்கையும் கழற்றிவிட்டு பிரஷ்லெஸ் மோட்டார் போட வேண்டும், அதுவும் 6எஸ் லிபோவில் (ஆறு செல்களைத் தொடராக இணைத்த லித்தியம் பேட்டரி, 4எஸ் என்றால் நான்கு செல்) ஓடும் ஹை வோல்ட்டேஜ் செட் வேண்டும். எந்த கேவி (ஒரு வோல்ட்டுக்கு மோட்டார் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றும் என்ற எண்), எத்தனை ஆம்ப் ஈஎஸ்சி (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) என்று கேட்டிருக்கிறார்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். தாவலும் வளைவும் உள்ள மண் டிராக்கில் ஓட்டப் போகிறீர்கள் என்றால் 4எஸ், 2000ஐ ஒட்டிய கேவி, சுழலும் பாகத்தின் நிலையை உணரும் சென்சார் உள்ள மோட்டார். பெரிய மைதானம், நீளமான நேர் ஓட்டம், கன்னாபின்னாவென்று குதிக்க விடுவது என்றால் 6எஸ். எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஈஎஸ்சி மட்டும் 6எஸ் தாங்கக்கூடியதாக இருக்கட்டும். இனி காரணங்கள்.

6எஸ் என்றதும் எல்லோருக்கும் வேகம்தான் மனதில் வருகிறது. வேகத்தைத் தீர்மானிப்பது வோல்ட் மட்டும் இல்லை, வோல்ட்டையும் கேவியையும் பெருக்கினால் வரும் ஆர்பிஎம்மும் அதற்குப் பிறகு வரும் கியர் விகிதமும்தான். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மோட்டார் ஷாஃப்டில் மாட்டும் பினியன் கியர் 14 பல், அது சுற்றிவிடும் ஸ்பர் கியர் 46 பல், சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரிக்கும் டிஃபில் (டிஃபரன்ஷியல்) 43க்கு 10 பல் என்று வைத்தால் மோட்டார் ஏறக்குறைய 14.1 சுற்று சுற்றும்போது சக்கரம் ஒரு சுற்று சுற்றும். பக்கி டயரின் விட்டம் சுமார் 112 மி.மீ., சுற்றளவு 35 செ.மீ. 2200 கேவி மோட்டாருக்கு 4எஸ், அதாவது 14.8 வோல்ட் கொடுத்தால் 32,560 ஆர்பிஎம், மணிக்கு 49 கி.மீ. அளவில் வரும். அதே மோட்டாரை, பினியனைக்கூட மாற்றாமல், 6எஸ்ஸின் 22.2 வோல்ட்டில் மாட்டினால் 48,840 ஆர்பிஎம், மணிக்கு 73 கி.மீ. முழு சார்ஜில் 6எஸ் 25.2 வோல்ட் காட்டும், அப்போது 55,000ஐத் தாண்டிவிடும். இதெல்லாம் சுமை இல்லாத காகிதக் கணக்கு, ஓட்டத்தில் வோல்ட் இறங்கும், காற்றும் மண்ணும் கொஞ்சம் தின்னும், ஆனாலும் விகிதம் இதுதான்.

55,000 ஆர்பிஎம்மில் என்ன ஆகும் என்று யோசியுங்கள். பெரும்பாலான 42 மி.மீ. மோட்டார்களுக்கு 50,000 அல்லது 60,000 என்று எல்லை எழுதியிருப்பார்கள், நீங்கள் அந்த எல்லையிலேயே குடித்தனம் நடத்துகிறீர்கள். டயர் பலூன் மாதிரி உப்பி நடுவில் கூர்மையாகும், பிடிப்பு போகும். முன் சக்கரங்கள் வெறுமனே சுழல ஆரம்பித்து சென்டர் டிஃபில் ஊற்றிய ஆயில் சூடாகி இளகும். அப்புறம் ஒரு சின்ன டிராக்கில் திராட்டிலை பாதிக்கு மேல் தொடவே மாட்டீர்கள். 1/8 எலக்ட்ரிக் பக்கி பந்தயங்கள் பொதுவாக 4எஸ்ஸில் நடப்பதைப் பார்த்திருப்பீர்கள், அந்த டிராக்குகளுக்கு அந்தச் சக்தியே தாராளம்.

அப்படியானால் ஹை வோல்ட்டேஜால் என்னதான் லாபம்? கரண்ட் குறையும், அவ்வளவுதான், ஆனால் அது சின்ன விஷயம் இல்லை. வண்டிக்கு ஒரு நொடி 1500 வாட் தேவைப்படுகிறது என்றால் 4எஸ்ஸில் 101 ஆம்ப் இழுக்கும், 6எஸ்ஸில் 68 ஆம்ப்தான். வயரிலும் கனெக்டரிலும் ஈஎஸ்சியிலும் வீணாகும் சூடு கரண்டின் வர்க்கத்தைப் பொறுத்தது, அதனால் அது பாதிக்கும் கீழே போய்விடும். இந்த லாபம் முழுசாகக் கிடைக்க வேண்டுமென்றால் வோல்ட்டை ஏற்றும்போது கேவியை இறக்க வேண்டும். 4எஸ்ஸில் 2200 கேவி தருகிற அதே ஓட்டத்தை 6எஸ்ஸில் 1500 கேவி தரும், 33,300 ஆர்பிஎம். 2200ஐ அப்படியே வைத்துக்கொண்டு 6எஸ் மாட்டினால் கியரிங்கையாவது இறக்க வேண்டும், ஆனால் 14 பல்லிலிருந்து 9 பல்லுக்குப் போனால் தான் கணக்கு சரியாகும், 5 மி.மீ. ஷாஃப்டில் மாட்ட அவ்வளவு சின்ன மாட் 1 (பல்லின் அளவு) பினியன் தேடி அலைய வேண்டியதுதான்.

கடைக்காரர்கள் சொல்லாத ஒரு விஷயமும் உண்டு. 6எஸ்ஸில் மோட்டாரே குளிர்ச்சியாக ஓடும் என்று நிறைய பேர் நம்புகிறார்கள். ஒரே அளவு மோட்டாரில் கேவியைக் குறைப்பது என்றால் அதே இடத்தில் மெல்லிய கம்பியை அதிகச் சுற்று சுற்றுவது. கரண்ட் குறையும், கம்பியின் மின்தடை அதன் வர்க்கக் கணக்கில் ஏறும், அதே இழுவையைத் தருகிற வரைக்கும் மோட்டாரின் செம்பில் வரும் சூடு கிட்டத்தட்ட மாறாது. லாபமெல்லாம் மோட்டாருக்கு வெளியே, ஈஎஸ்சியிலும் வயரிலும்தான். மோட்டார் கொதிக்கிறது என்றால் பினியனில் ஒரு பல்லைக் குறையுங்கள், கூடுதல் செல் அதைத் தீர்க்காது.

நடைமுறையில் இன்னொரு இடைஞ்சல். 1500, 1650 என்று கேவி குறைந்த மோட்டார்கள் பெரும்பாலும் பெரிய உடம்போடுதான் வருகின்றன. காஸில் நிறுவனத்தின் 1520 மாடல் 1650 கேவி, ஹாபிவிங் நிறுவனத்தின் 4985 மாடல் 1650 கேவி, இரண்டுமே கனமான டிரக்குகளை மனதில் வைத்துச் செய்தவை. பக்கியில் மாட்டினால் மோட்டார் இருக்கும் பக்கம் வண்டி சாயும், தாவும்போது மூக்கு எங்கே திரும்பும் என்று தெரியாது. அதனால்தான் 6எஸ் பக்கிகள் நடுவழியாக 2000 பக்கம் போகின்றன, அர்மா டைஃபான் 6எஸ் 2050 கேவியோடு வருகிறது. அந்த வண்டி வேகத்துக்காகவும் குதிப்பதற்காகவும் செய்தது, அதை டிராக்கில் சுற்று நேரம் குறைக்க வாங்குபவர் யாரும் இல்லை. காஸிலின் பழைய ஜோடியைப் பார்த்தாலும் இதே தர்க்கம்தான்: 1512 2650 கேவி 4எஸ்ஸுக்கு, கொஞ்சம் நீளமான 1515 2200 கேவி 6எஸ் வரைக்கும்.

ஈஎஸ்சிக்கு வருகிறேன். பெட்டியில் 150 ஆம்ப், 200 ஆம்ப் என்று போட்டிருப்பதை ஒப்பிட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம், ஆளுக்கு ஒரு மாதிரி அளக்கிறார்கள். செல் எண்ணிக்கையின் எல்லைதான் உண்மையான எல்லை. 4எஸ் வரை என்று எழுதிய ஈஎஸ்சியில் 6எஸ்ஸைச் செருகினால் உள்ளே இருக்கும் கெபாசிட்டரும் மாஸ்ஃபெட்டும் தாங்காது, புகையோடு முடியும். 6எஸ் தாங்கும் ஈஎஸ்சியை 4எஸ்ஸில் ஓட்டினால் அது நிம்மதியாக இருக்கும், பின்னால் மனசு மாறினால் பேட்டரியையும் மோட்டாரையும் மட்டும் மாற்றலாம். ஹாபிவிங்கின் மேக்ஸ்8 வி3 ஈஎஸ்சி தண்ணீர், சேறு தாங்கும், ஆனால் சென்சார் வேண்டுமென்றால் அவர்களின் எக்ஸ்ஆர்8 பிளஸ் அல்லது காஸிலின் மாம்பா எக்ஸ் வகையறா. சென்சார் இல்லாத மோட்டார் நின்ற இடத்திலிருந்து மெதுவாகக் கிளம்பும்போது திக்கும், இறுக்கமான வளைவிலிருந்து வெளியேறும்போது அது எரிச்சலாக இருக்கும். மைதானத்தில் யாரும் அதைக் கவனிக்க மாட்டார்கள்.

பேட்டரி வயரை நீட்டாதீர்கள். இடமில்லை என்று பத்து செ.மீ. கூடுதல் வயர் போட்டால் ஈஎஸ்சி கெபாசிட்டருக்கு வேலை கூடும், 6எஸ்ஸில் இன்னும் மோசம். டீன்ஸ் டி பிளக் வேண்டாம், எக்ஸ்டி90 அல்லது ஈசி5 போடுங்கள். 6எஸ் செருகும்போது பட்டென்று பொறி தெறிக்கும், கனெக்டர் முனை கருகும், அதற்கு எக்ஸ்டி90-எஸ் என்று பொறி வராத வகை இருக்கிறது, உள்ளே சின்ன ரெசிஸ்டர் வைத்தது.

பேட்டரியில் எம்ஏஎச்சை மட்டும் பார்க்காமல் வாட் அவரை (வோல்ட்டையும் ஆம்ப் அவரையும் பெருக்கியது) பாருங்கள். 4எஸ் 5000 எம்ஏஎச் என்றால் 74 வாட் அவர், 6எஸ் 3300 எம்ஏஎச் என்றால் 73. ஓட்ட நேரமும் எடையும் ஏறக்குறைய ஒன்றுதான். 6எஸ் 5000 வாங்கினால் எடை ஒன்றரை மடங்கு, பெரும்பாலான பக்கி டிரேயில் நுழையவும் நுழையாது, 4எஸ் ஹார்ட்கேஸின் 138க்கு 46 மி.மீ. அளவுக்குத்தான் அந்த டிரேக்களைச் செய்கிறார்கள். நீங்கள் நைட்ரோ சேசிஸில் கன்வர்ஷன் கிட் போடுவதால் டிரேயை முதலில் அளந்துவிட்டுப் பேட்டரியைத் தேடுங்கள். சேசிஸின் அடியில் ஃப்ளைவீலுக்கு வெட்டிய ஓட்டையையும் மூடிவிடுங்கள், மண் நேராக ஸ்பர் கியரில் வந்து விழும். சென்டர் டிஃபில் இருந்த பிரேக் டிஸ்க்குகள் இனி தேவையில்லை, ஈஎஸ்சியே பிரேக் போடும், முதலில் குறைவாக வைத்துத் தொடங்குங்கள்.

சார்ஜரை எல்லோரும் கடைசியில்தான் நினைக்கிறார்கள். 6எஸ்ஸை 5 ஆம்பில் ஏற்ற 126 வாட் வேண்டும். 50 வாட் சார்ஜர் 2 ஆம்ப் தான் தரும், 3300 எம்ஏஎச் பேட்டரிக்குக்கூட ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் உட்கார வேண்டும். வோல்ட் இறங்கியதும் ஈஎஸ்சி ஓட்டத்தை நிறுத்தும் கட்ஆஃபை செல்லுக்கு 3.4 வோல்ட் அளவில் வையுங்கள், ஓட்டாத நாட்களில் 3.8 வோல்ட்டில் நிறுத்துங்கள்.

முதல் ஓட்டத்துக்குச் சின்ன பினியன், ஐந்து நிமிடம், நிறுத்தி மோட்டாரை டெம்பரேச்சர் கன்னால் பாருங்கள். 80 டிகிரியைத் தொட்டால் பல்லைக் குறையுங்கள், 60க்குக் கீழே என்றால் ஒரு பல் ஏற்றிப் பார்க்கலாம். இந்தச் சோதனையை மே மாத மதிய வெயிலிலேயே செய்துவிடுங்கள், டிசம்பரில் சரியாக இருந்த கியரிங் அப்போது தாங்காது.