லயம் வேண்டும், லயத்துப் பிள்ளை வேண்டாமா?

அன்புள்ள அக்கா,

நான் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் வளர்ந்தவள். அப்பா செம்பனைத் தோட்டத்தில் லோரி ஓட்டுகிறார். ஒளிபரப்புத் துறையில் டிப்ளோமா முடித்துவிட்டு மூன்று தமிழ் நாடகங்களில் வேலை பார்த்தேன். முதல் நாடகத்தில் சாப்பாடு மட்டும்தான். "அனுபவம் கிடைக்குதுல்ல" என்றார்கள். இரண்டாவதில் பாதிச் சம்பளம் வந்தது. மூன்றாவது தீபாவளிக்கு ஒளிபரப்பாகி முடிந்துவிட்டது, 1,800 வெள்ளி (ரிங்கிட்) இன்னும் பாக்கி. உதவி இயக்குநர் ஆகவேண்டும் என்று சொன்னால், பெண் பிள்ளைக்கு அது சரிப்படாது என்று உடை, ஒப்பனைப் பக்கம் தள்ளிவிடுகிறார்கள்.

ஆஸ்கர் விருதுக்கு எல்லாத் தரப்பினரையும் சேர்க்க வேண்டும் என்று விதி வந்துவிட்டதாமே? அப்படி ஒன்று இங்கும் வந்தால் எங்களைப் போன்றவர்களுக்கு வழி பிறக்குமா? மலாய் நாடகங்களில் இந்தியப் பாத்திரங்கள் கூடினால் நிலைமை மாறுமா? அம்மா ஈப்போவில் கிராணி (எழுத்தர்) வேலைக்கு மனுப் போடச் சொல்கிறார். என்ன செய்வதென்று தெரியவில்லை. பெயரைப் போட்டுவிடாதீர்கள் அக்கா, அடுத்த வேலை கிடைக்காது.

*

அன்புள்ள தங்கைக்கு,

பெயரைப் போடவில்லை. சம்பளம் வரவில்லை என்று சொல்வதற்கே பெயரை மறைக்க வேண்டியிருக்கிறது. இந்தத் துறையைப் பற்றி இதற்கு மேல் நான் என்ன விளக்குவது?

முதலில் ஆஸ்கர். 2020இல் அறிவித்தார்கள், 2024 விழாவிலிருந்து கட்டாயமானது, அதுவும் சிறந்த படத்துக்கான பிரிவுக்கு மட்டும். நான்கு அம்சங்கள் வைத்திருக்கிறார்கள்: திரையில் யார் வருகிறார்கள், படைப்புக் குழுவில் யார் இருக்கிறார்கள், புதியவர்களுக்குப் பயிற்சி தரப்படுகிறதா, விளம்பரமும் விநியோகமும் யார் கையில் இருக்கின்றன. நான்கில் இரண்டை நிறைவேற்றினால் போதும். எல்லோரும் முதல் அம்சத்தை வைத்துத்தான் சண்டை போட்டார்கள். எனக்கு மூன்றாவதுதான் முக்கியமாகப் படுகிறது, ஏனென்றால் அது கேட்பது சம்பளத்தோடு கூடிய பயிற்சி வேலை. பிரிட்டிஷ் திரைப்படக் கழகம் 2014இலேயே இப்படி விதிகள் கொண்டுவந்தது. பாலினம், இனம், உடற்குறை ஆகியவற்றோடு, ஒருவர் எந்தப் பொருளாதாரப் பின்னணியில் வளர்ந்தார், எந்த வட்டாரத்திலிருந்து வருகிறார் என்பதையும் அவர்கள் கணக்கில் எடுக்கிறார்கள். உங்கள் கடிதத்தைப் படித்தபோது இந்த இரண்டும்தான் நினைவுக்கு வந்தன.

மலாய் நாடகத்தில் இந்தியப் பாத்திரங்கள் கூடட்டும், நல்லதுதான். நடிக்க வருகிறவர்களுக்கு அது உதவும். கேமராவுக்குப் பின்னால் நிற்க நினைக்கும் உங்களுக்கு அதனால் பெரிதாக ஒன்றும் ஆகாது. இத்தனைக்கும் நாம் இந்தத் துறைக்கு வெளியிலிருந்து வந்தவர்களும் இல்லை. மலாய்த் திரையுலகின் பெரிய நட்சத்திரம் பி. ரம்லி முதன்முதலில் கதாநாயகனாக நடித்த 'பக்தி' 1950இல் வந்தது. அதை இயக்கியவர் எல். கிருஷ்ணன்.

2016 மலேசியத் திரைப்பட விழாவில், தேசிய மொழியில் எடுக்கப்படாத படங்களைத் தனிப் பிரிவில் ஒதுக்கியதற்குப் பெரிய எதிர்ப்பு கிளம்பியது. கடைசியில் 'ஜகாட்' என்ற தமிழ்ப் படம் மலேசியாவின் சிறந்த படமாக விருது வாங்கியது. தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பத்துப் பையனின் கதை என்பதால் நம் ஊரில் அதை அவ்வளவு கொண்டாடினார்கள். அந்தச் சண்டை தேவையான சண்டைதான், சந்தேகமில்லை. ஆனால் அது எடுத்து முடித்த படத்துக்கான சண்டை. நீங்கள் கேட்பது படப்பிடிப்புக்குள் நுழைவதைப் பற்றி.

ஒரு தமிழ் நாடகம் இங்கே எப்படி உருவாகிறது என்று உங்களுக்குத் தெரியும், மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். தொலைக்காட்சி நிலையம் ஒரு தொகையைப் பேசித் தயாரிப்பு நிறுவனத்திடம் வேலையை ஒப்படைக்கிறது. பணம் தவணையாக வரும். கடைசித் தவணை, நாடகத்தை ஒப்படைத்து, தரச் சோதனை தேறி, பில் போட்ட பிறகுதான். அதுவரை தயாரிப்பாளருக்குக் கையைக் கடிக்கும். கேமரா வாடகைக்காரர் முன்பணம் இல்லாமல் பெட்டியைத் திறக்க மாட்டார். பெயருள்ள நடிகர் கால்ஷீட் தர மாட்டார். சாப்பாடு கொண்டுவருகிறவர்கூட இரண்டாவது வாரம் கணக்கு நோட்டை நீட்டிவிடுவார். "கொஞ்சம் பொறு" என்று யாரிடம் சொல்ல முடியும்? இருப்பவர்களிலேயே சின்னவரிடம்தான். ஆக, அந்த நாடகத்துக்குக் கடன் கொடுத்தவர்களில் நீங்களும் ஒருவர், வட்டியில்லாமல்.

கோலாலம்பூர் பக்கம் பூச்சோங்கிலோ கிள்ளானிலோ அப்பா அம்மா வீட்டில் இருக்கிற பிள்ளை பணம் வராத இந்த மாதங்களைத் தாங்கிவிடும். சுங்கை சிப்புட்டிலிருந்து போகிறவருக்கு அறை வாடகை, மோட்டார் எண்ணெய், சாப்பாடு என்று முதல் நாளிலிருந்தே செலவு. அவர் இரண்டு நாடகத்தோடு ஊர் திரும்பிவிடுவார். அப்புறம் ஒருநாள் ஒரு தயாரிப்பாளர் மேடையில் நின்று, "நாங்கள் திறமையை மட்டும்தான் பார்க்கிறோம்" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. அவர் கண்ணில் படும்வரை தாக்குப்பிடித்தவர்கள் யார் என்பதுதான் அவருக்குத் தெரியாது.

இதற்கு நம் ஆட்கள் வைத்திருக்கும் பூச்சு வார்த்தை 'குடும்பம்'. "நாமெல்லாம் ஒரே குடும்பம்மா, கணக்குப் பார்க்காதே." குடும்பத்திலேயே கணக்குப் பார்க்காமல் விட்டதால் எத்தனை வீடுகள் பிரிந்தன என்று நம் ஊரில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

நம் ஊருக்குப் படப்பிடிப்பே வருவதில்லை என்றும் சொல்ல முடியாது. பழைய லயம், ஒற்றைக் கோயில், பால்மரக் காடு எங்கே கிடைக்கும் என்று எனக்கே போன் வரும். இங்கே படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள், இரண்டு பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று ஒருமுறை சொன்னேன். டீம் ஏற்கெனவே இருக்கிறதாம். டீயும் நாசி லெமாக்கும் வாங்கிவர மட்டும் உள்ளூர்ப் பையன் ஒருவன் தேவைப்பட்டான்.

பெண்ணுக்குச் சரிப்படாது என்பதெல்லாம் வெறும் பேச்சு. விமலா பெருமாள் இங்கே ஒன்றுக்கு மேற்பட்ட முழுநீளப் படங்களை இயக்கியிருக்கிறார். அவருடைய 'வெடிகுண்டு பசங்க' 2018இல் வந்தது. உண்மையான சிக்கல் இரவு இரண்டு மணிக்கு ஷூட்டிங் முடிந்தால் உங்களை யார் அறையில் கொண்டுபோய் விடுவது, செம்பனைக் காட்டுக்குள் கழிவறைக்கு எங்கே போவது என்பதுதான். வண்டிக்கும் கழிவறைக்கும் பட்ஜெட்டில் இரண்டு வரி ஒதுக்க மனமில்லாமல் "சரிப்படாது" என்கிறார்கள்.

கேரளத்தில் 2017இல் திரைத்துறைப் பெண்கள் அமைப்பாகத் திரண்டதைத் தொடர்ந்துதான், மலையாளத் திரையுலகில் பெண்களின் நிலையை ஆராய ஹேமா கமிட்டி வந்தது. 2019 இறுதியில் கொடுத்த அறிக்கை வெளியே வர 2024 ஆகஸ்ட் ஆனது. அந்த அளவுக்கு இங்கே யாரும் திரளவில்லை. ஆனால் ஒன்றைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். மலேசியாவில் 2022இல் இயற்றப்பட்ட பாலியல் தொல்லை எதிர்ப்புச் சட்டத்தின் கீழ் ஒரு தீர்ப்பாயம் இயங்குகிறது. நீங்கள் நிரந்தர ஊழியரா, நாள்கூலியா என்பது அங்கே கேள்வியே இல்லை. நிலையான முதலாளி இல்லாத நம்மைப் போன்றவர்களுக்கு அது பெரிய விஷயம்.

சரி, என்ன விதி வேண்டும் என்று என்னைக் கேட்டால் ஒன்றே ஒன்றுதான் கேட்பேன். அரசு நிதியோ நிலையத்தின் ஒப்பந்தமோ பெறுகிற ஒவ்வொரு தயாரிப்பும், கோலாலம்பூரைச் சுற்றியுள்ள கிள்ளான் பள்ளத்தாக்குக்கு வெளியிலிருந்து ஒரு பயிற்சியாளரையாவது சேர்க்கவேண்டும். அவருடைய சம்பளமும் தங்குமிடமும் பட்ஜெட்டில் தனி வரியாக இருக்கவேண்டும். அந்த வரி செலவானதற்கு ரசீது காட்டினால்தான் கடைசித் தவணை. தேசியத் திரைப்பட மேம்பாட்டுக் கழகமான ஃபினாஸும் நிலையங்களும் நினைத்தால் இதற்குப் புதுச் சட்டம்கூடத் தேவையில்லை, ஒப்பந்தத்தில் ஒரு பத்தி போதும். திரையில் நம் முகம் எத்தனை என்று எண்ணுவதைவிட இந்த ஒரு பத்திக்காக நம் சங்கங்கள் மனு எழுதலாம். விருது விழாவுக்குச் சால்வை வாங்குவதில் காட்டும் அக்கறையில் கொஞ்சம் போதும்.

இனி உங்கள் விஷயம். ஈப்போ வேலைக்கு மனுப் போடுங்கள். இதைச் சொன்னால் உங்களுக்கு வருத்தமாக இருக்கும், இருந்தாலும் போடுங்கள். மாதச் சம்பளம் ஒன்று இருந்தால்தான் மோசமான அழைப்புக்கு "முடியாது" என்று சொல்ல முடியும். கூடவே வசன வரி (சப்டைட்டில்) எழுதும் வேலையைப் பழகுங்கள். நம் தமிழ் நிகழ்ச்சிகளுக்கு மலாய் வசன வரிகள் போகின்றன. இரண்டு மொழியும் சுத்தமாகத் தெரிந்தவர்களைத் தேடித்தான் பிடிக்கவேண்டியிருக்கிறது. மடிக்கணினி இருந்தால் சுங்கை சிப்புட்டில் உட்கார்ந்தே செய்யலாம். அதிலேயே தங்கிவிடாதீர்கள், ஆனால் ஒரு காட்சி எங்கே தொடங்கி எங்கே வெட்டப்படுகிறது என்பதை அதைவிட நன்றாகச் சொல்லித்தரும் வேலை குறைவு.

அடுத்த அழைப்பு வரும்போது மூன்று விஷயங்களை வாட்சாப்பில் எழுத்தாகக் கேளுங்கள்: சம்பளம் எவ்வளவு, எந்தத் தேதிக்குள், இரவில் வண்டி உண்டா. குரல் பதிவாகப் பதில் வந்தால், "நீங்கள் சொன்னது இதுதானே" என்று நீங்களே தட்டச்சு செய்து திருப்பி அனுப்புங்கள். கோபித்துக்கொள்கிற கம்பெனி எப்படியும் பணம் தரப்போவதில்லை.

அந்த 1,800 வெள்ளியை விட்டுவிடாதீர்கள். மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் 5,000 வெள்ளி வரையிலான பாக்கிக்குச் சிறு கோரிக்கை வழக்கு உண்டு. வழக்கறிஞர் வேண்டாம், படிவத்தை நீங்களே நிரப்பலாம். அழைப்புத் தாள்கள், நீங்கள் வேலை செய்த நாள்களின் படங்கள், பேசிய செய்திகள், நாடகத்தின் கடைசியில் உங்கள் பெயர் ஓடும் இடம் எல்லாவற்றையும் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். முதலில் பதினான்கு நாள் அவகாசம் கொடுத்து மரியாதையாக ஒரு கடிதம் எழுதுங்கள். மலாயில் எழுதுவது நல்லது. வரைவை எனக்கு அனுப்புங்கள், பார்த்துத் தருகிறேன்.

அன்புடன்,
அக்கா