மதுரைப் பக்கம் போர்வெல் ஆழம் ஏன் ஏறிக்கொண்டே போகிறது?

கேள்வி: தாத்தா காலத்தில் எங்கள் கிணற்றில் 40 அடியில் தண்ணீர் கிடந்தது. அப்பா 200 அடியில் போர் போட்டார். இப்போது 800 அடி போனால்தான் கிடைக்கும் என்கிறார்கள். மழை குறைந்ததுதான் காரணமா? இது எங்கே போய் நிற்கும்?

பதில்:

ஒத்தக்கடை, மேலூர் பக்கம் போர் மோட்டார் இறக்குவதும், பழுதானால் தூக்கிப் பார்ப்பதும் என் தொழில். போகிற வீடுகளில் எல்லாம் இதைத்தான் கேட்கிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மழை மட்டும் காரணம் இல்லை. மதுரைக்குச் சராசரியாக ஆண்டுக்குச் சுமார் 850 மி.மீ. மழை. ஒரு வருஷம் பொய்க்கும், ஒரு வருஷம் கொட்டும். ஐப்பசி கார்த்திகையில் நன்றாகப் பெய்தால் நீர்மட்டம் மேலே வருகிறது, சித்திரையில் இறங்குகிறது. ஆனால் போரின் ஆழம் அப்படி இல்லை. வறட்சியில் 300 அடியிலிருந்து 600-க்குப் போனவர் அடுத்த வருஷம் வெள்ளமே வந்தாலும் 300 அடிக்குத் திரும்புவதில்லை. 600 அடியில் கிடக்கும் மோட்டார் அங்கிருந்தே இழுத்துக்கொண்டிருக்கும். நீர்மட்டம் ஏறி இறங்குவது, போரின் ஆழம் ஏற மட்டுமே தெரிந்தது. இரண்டையும் ஒன்றாகப் பேசுவதால்தான் எல்லாப் பழியும் மழை மேல் விழுகிறது.

முன்பு ஏன் ஏறவில்லை என்று கேட்டுப் பாருங்கள், பாதிப் பதில் அங்கேயே கிடைக்கும். அப்போது தடை இருந்தது. மாடு பூட்டிக் கமலை இறைத்த காலத்தில் கிணறு எவ்வளவு ஆழமோ அவ்வளவு தூரம் மாடு நடக்க வேண்டும். ஆழம் கூடினால் ஒரு சால் (கமலையில் கட்டும் பெரிய வாளி) தண்ணீருக்கு ஆகும் நேரமும் கூடும், மாடும் தாங்காது. அப்புறம் ஆயில் இன்ஜினும் கரண்டு மோட்டாரும் வந்தன. மேலே உட்கார்ந்து உறிஞ்சும் மோட்டாருக்கும் ஓர் எல்லை உண்டு. உண்மையில் தண்ணீரைக் குழாயில் மேலே தள்ளுவது வெளியே இருக்கும் காற்றின் அழுத்தம்தான். கணக்குப்படி அதனால் 34 அடி வரை தள்ள முடியும், நடைமுறையில் 25 அடிதான். அதனால்தான் பழைய கிணறுகளில் பாதிக் கிணற்றில் திண்டு கட்டி மோட்டாரை வைத்திருப்பார்கள். தண்ணீர் இறங்கினால் வெடி வைத்துக் கிணற்றை வெட்டி, மோட்டாரையும் கீழே இறக்குவார்கள். செலவும் உழைப்பும் சேர்ந்து 70, 80 அடிக்குள் நிறுத்திவிடும்.

துளை போடும் ரிக் வண்டியும் சப்மெர்சிபிள் மோட்டாரும் வந்ததும் அந்தத் தடை போய்விட்டது. இந்த மோட்டார் தண்ணீருக்குள்ளேயே கிடந்து கீழிருந்து தள்ளுகிறது. ஆழம் கூடினால் பம்பில் ஸ்டேஜை (தண்ணீரைத் தள்ளும் அடுக்குகளை) கூட்டிக்கொள்ளலாம், எச்.பி.யைக் கூட்டிக்கொள்ளலாம். அதற்கு மேல் தடுப்பது கையில் இருக்கும் பணம் மட்டுமே.

சரி, ஆழம் போனால் தண்ணீர் கூடுமா? நம் பக்கத்தில் பெரும்பாலும் கூடாது. யானைமலையை ஒருமுறை நின்று பாருங்கள். பெரும்பாலும் அந்த மாதிரிப் பாறைதான் நம் காலுக்குக் கீழேயும் இருக்கிறது. மேலே மண்ணும், மக்கிய பாறையும் சில பத்து அடிகள். மழைத்தண்ணீர் ஊறி நிற்பது அதிகமும் அந்தப் பகுதியில்தான். அதற்குக் கீழே கெட்டிப் பாறை, நடுநடுவே வெடிப்பு. வெடிப்புக்குள் கொஞ்சம்தான் பிடிக்கும், அதுவும் மேலே இருந்து இறங்கி வர வேண்டும். ஆழம் போகப் போக வெடிப்புகளும் குறைகின்றன. 800 அடியில் தனியாக ஒரு ஏரி கிடப்பதாக நினைத்துத்தான் பல பேர் கடன் வாங்குகிறார்கள்.

நரசிங்கம் பக்கம் ஒரு வீட்டில் போர் போட்டபோது கூடவே நின்றேன். முதலில் செம்மண், பிறகு சுக்கான் கல், 60 அடியில் பாறை தட்டியது, அதுவரை மண் சரியாமல் இருக்கக் கேசிங் குழாய் இறக்கினார்கள். பிறகு சாம்பல் நிறத் தூள். 280 அடியில் தூள் ஈரமாகி அரை இஞ்ச் தண்ணீர் (வெளியே வரும் ஓட்டத்தை இங்கே இஞ்ச் கணக்கில்தான் சொல்வோம்) காட்டியது. குடும்பத்துக்குச் சிக்கனமாகப் போதும், ஆனால் மனசு கேட்கவில்லை. 500 அடி வரை வெறும் புகை, அதாவது தண்ணீர் இல்லாத காய்ந்த தூள். வண்டிக்காரர், "நிறுத்திருவமா, போவமாம்மா?" என்றார். வீட்டுக்கார அம்மா சேலைத் தலைப்பால் முகத்துத் தூசியைத் துடைத்துக்கொண்டு, "இம்புட்டுத் தூரம் வந்தாச்சு, இன்னொரு நூறு போட்டுப் பாருங்கப்பா" என்றார். அந்த நூறு போனது, அடுத்த நூறும் போனது. 720 அடியில் ஒரு வெடிப்பு கிடைத்து ஒன்றரை இஞ்ச் வந்தது. சூடம் ஏற்றிக் கும்பிட்டார்கள்.

போட்ட பணம் வீணாகக் கூடாது என்ற பயம் ஆழத்தை ஏற்றுகிறது. இத்தனைக்கும் ரிக் வண்டியின் வாடகை ஸ்லாப் கணக்கு. முதல் சில நூறு அடிக்கு ஒரு ரேட், அதற்கு மேல் ஒவ்வொரு நூறுக்கும் அடி ரேட்டே ஏறும். ஆகவே 600 அடியின் செலவு 300 அடியின் செலவைப் போல இரண்டு மடங்கோடு நிற்காது. அதோடு பைப், கேபிள், பெரிய மோட்டார்.

சில மாதங்களில் பக்கத்து வீட்டிலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். அவர்களுடைய 400 அடி போரில் மோட்டார் ஐந்து நிமிஷம் ஓடிவிட்டுக் காற்று வாங்கியது. இரண்டு வீட்டுக்கும் வெடிப்பு ஒன்றோடொன்று தொடர்பு, கீழே இழுப்பவருக்கே தண்ணீர் போகிறது. அவர்களும் 850 அடி போட்டார்கள். இருவரில் யாரையும் குறை சொல்ல மாட்டேன், பிள்ளைகளை வைத்துக்கொண்டு யாராலும் சும்மா இருக்க முடியாது. ஆனால் இரண்டு பேரும் சேர்ந்து செலவழித்த பணத்தில் ஒரு குடம் தண்ணீர்கூடப் புதிதாக உண்டாகவில்லை. இருந்ததையே இன்னும் கீழே இருந்து எடுக்கிறார்கள்.

கரண்டுக் கணக்கையும் பாருங்கள். ஆயிரம் லிட்டரை 100 அடியிலிருந்து மேலே கொண்டுவர, மோட்டாரும் பம்பும் சேர்ந்து 40 சதவீதத் திறனில் ஓடுவதாக வைத்தால், சுமார் 0.2 யூனிட் ஆகும். அதே தண்ணீர் 800 அடியிலிருந்து வந்தால் ஒன்றரை யூனிட்டுக்கு மேல். (மோட்டார் கிடக்கும் ஆழத்தை இதில் பார்க்கக் கூடாது, ஓடும்போது தண்ணீர் நிற்கும் ஆழத்தைத்தான் பார்க்க வேண்டும்.) விவசாயத்துக்கு இலவச மின்சாரம் என்பதால் இந்த ஏற்றம் விவசாயியின் கண்ணில் படுவதில்லை. இலவச மின்சாரத்தை நிறுத்தச் சொல்லவில்லை, அது இல்லையென்றால் சின்ன விவசாயி நாளைக்கே நிலத்தை விற்றுவிடுவார். ஆனால் அந்தக் கணக்கை யாரோ ஒருவர் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்.

தண்ணீரின் குணமும் மாறுகிறது. பாறைக்குள் நெடுநாள் கிடந்த தண்ணீரில் உப்பு கரைந்திருக்கும். குழாயில் வெள்ளை படிகிறது, பருப்பு வேக மறுக்கிறது. உடனே கேன் தண்ணீர். அந்த ஆர்.ஓ. ஆலைகளில் பெரும்பாலானவையும் போரிலிருந்துதான் எடுக்கின்றன, சுத்திகரிக்கும்போது கணிசமான பகுதி கழிவாக வெளியே போகிறது.

இதில் எனக்கு அதிகம் வலிப்பது கிணற்றுப் பாசனக்காரர்களின் நிலைமை. சுற்றிலும் ஆழப் போர் வந்ததும் 60 அடிக் கிணறு வற்றிவிடும். ஆழம் போக வசதியுள்ளவர் தப்பிக்கிறார். இல்லாதவர் ஒன்றிரண்டு போகம் தரிசு போட்டுவிட்டுப் பிளாட்டுக்குக் கொடுத்துவிடுகிறார். பிளாட்டான ஓர் ஏக்கரில் வீட்டுக்கொரு போர், அதோடு தரையெல்லாம் சிமெண்டு.

ஊரும் தன் பங்குக்கு மண்ணை மூடியது. நம் ஏரியாக்களின் பெயரைச் சொன்னாலே தெரியும்: தல்லாகுளம், பீபீகுளம், மாடக்குளம், உலகநேரி. 2004-ல் திறந்த உயர் நீதிமன்ற மதுரைக் கிளையே உலகநேரி கண்மாய் இருந்த இடத்தில்தான் நிற்கிறது. கண்மாய் நிறைந்தால் கரைக்குக் கீழே உள்ள கிணறுகளில் தானாக ஊற்றெடுக்கும், நிரம்பி வழிந்து மறுகால் பாய்ந்தால் அடுத்த கண்மாய்க்குப் போகும். வரத்துக் கால்வாய் அடைபட்டால் எத்தனை மழை பெய்தாலும் அது தார் ரோட்டில் ஓடி வைகையில் சேர்ந்துவிடும். வைகையிலும் மணலை அள்ளிவிட்டோம், அங்கே நின்று ஊறவும் வழி இல்லை.

நீர்மட்டம் மேலே வந்ததையும் பார்த்திருக்கிறேன். வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் பல வருஷம் பையன்கள் கிரிக்கெட் ஆடும் மைதானமாகக் கிடந்தது. பனையூர் கால்வாய் வழியாக வைகைத் தண்ணீரை விட்டு நிறைத்த பிறகு, சுற்றுத் தெருப் போர்களில் கயிறு விட்டுப் பார்த்தால் மட்டம் தெளிவாக மேலே வந்திருந்தது. யாரும் ஓர் அடிகூடக் கூடுதலாகத் தோண்டவில்லை. எங்கே போய் நிற்கும் என்று கேட்டீர்களே, தோண்டுவது தானாக நின்றால் அது பணம் தீர்ந்த இடத்தில்தான் நிற்கும். நாமாக நிறுத்த வேண்டுமானால் மேலிருந்து உள்ளே போகும் தண்ணீரைக் கூட்ட வேண்டும்.

இப்போது போர் போடும் யோசனையில் இருந்தால், முதலில் பழைய போரில் கயிற்றில் எடை கட்டி இறக்கி, வைகாசியிலும் தை மாதத்திலும் மட்டத்தைக் குறித்து வையுங்கள். தையில் மட்டம் நன்றாக மேலே வருகிறதென்றால், உங்களுக்கு ஆழத்தைவிடச் சேமிப்புதான் தேவை. 1000 சதுர அடி மொட்டைமாடியில் 850 மி.மீ. மழை விழுந்தால் கிட்டத்தட்ட 79 ஆயிரம் லிட்டர். ஆவியாகி, வழிந்து போனது போக 60 ஆயிரமாவது தேறும். பழைய கிணறு இருந்தால் அதற்குள் விடுங்கள். போருக்குள் நேராக விடாதீர்கள், ஜல்லியும் மணலும் போட்ட வடிகட்டித் தொட்டி வழியாக விடுங்கள், இல்லையென்றால் வண்டல் போய் வெடிப்பையே அடைத்துவிடும். பக்கத்து வீட்டோடு பேச முடிந்தால், இரண்டு வீட்டுக்கும் ஒரே போரை வைத்து முறை வைத்து ஓட்டலாம். அப்படி ஓட்டும் வீடுகளும் இருக்கின்றன.

புகை மட்டும் வந்த போரை அப்படியே விட்டுவிடாதீர்கள். கேசிங்கை உருவி வேறு இடத்துக்குக் கொண்டுபோவது இங்கே வழக்கம், உருவியதும் தரை மட்டத்தில் ஒரு குழந்தை விழும் அளவுக்கு வாய் திறந்து கிடக்கும். 2019-ல் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் ஒரு குழந்தை போர்க் குழியில் விழுந்து இறந்தது எல்லோருக்கும் தெரியும். வண்டி கிளம்பும் முன்பே மூடியைப் போட்டு இறுக்கச் சொல்லுங்கள். கேசிங்கை எடுத்தே ஆக வேண்டுமென்றால், அன்றைக்கே மண்ணும் கல்லும் போட்டு மேல் வரை நிரப்பிவிடுங்கள்.