டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸில் லோகெய்ன் அரசரை ஏன் கைவிட்டார்?

உள்நோக்கம் என்பது ஒரு பாத்திரம் வாய்விட்டுச் சொல்லாமல் செயலில் காட்டும் காரணம். 2009இல் வந்த இந்தக் கணினி விளையாட்டில், ஆஸ்டகர் போரின்போது கோபுரத்தில் அடையாளத் தீ எரிந்ததும் தாக்கவேண்டிய தளபதி லோகெய்ன், படையைத் திருப்பிக்கொண்டு போய்விடுகிறார். அரசர் கெய்லன் சாகிறார்.

வேர், ஆர்லே நாட்டின் மீதான அச்சம். தன் நாடான ஃபெரெல்டனை அடிமைப்படுத்திய அந்நாட்டை விரட்டப் போராடியவர் லோகெய்ன். கெய்லனோ அதே ஆர்லேயின் படையை உதவிக்கு எதிர்பார்க்கிறார். வீட்டை அபகரித்த வாடகைக்காரரைப் பாடுபட்டு வெளியேற்றியவர், மருமகனே அவரிடம் சாவியைக் கொடுப்பதைப் பார்த்தால்? (கெய்லன் உண்மையிலேயே லோகெய்னின் மருமகன்தான்.)

'ரிட்டர்ன் டு ஆஸ்டகர்' கூடுதல் பகுதியில் அரசரின் பெட்டியைத் திறந்து கடிதங்களைப் படியுங்கள்: ஆர்லே பேரரசி செலீனுடையது ஒன்று, அரசரின் மனைவியும் லோகெய்னின் மகளுமான அனோராவை விலக்கச் சொல்லும், அரசரின் தாய்மாமன் ஏமனுடையது ஒன்று. அதற்காக லோகெய்னை நிரபராதி ஆக்கிவிட முடியாது. ஏமனுக்கு நஞ்சு வைக்க ஆள் அனுப்பியவரும் அவரே.

வெறும் அரியணை ஆசை என்று பலர் நினைப்பது தவறு: அவர் எடுத்துக்கொண்டது மகளின் சார்பில் ஆளும் பொறுப்பு, மணிமுடி அல்ல.