தங்கம் விலை ஏறினால் ஜீப்புக்கு டயரா?

கேள்வி: பொள்ளாச்சியிலிருந்து எழுதுகிறேன். 1991 மாடல் மஹிந்திரா எம்எம் 540 ஜீப்பை 2018-ல் 2.6 லட்சத்துக்கு வாங்கினேன். வேறு டர்போ எஞ்சின், பெரிய டயர், பவர் ஸ்டீயரிங், வின்ச் (சிக்கிய வண்டியை இழுக்கும் கருவி) என்று இதுவரை 6.9 லட்சம் போட்டிருக்கிறேன். எல்லாம் பெரும்பாலும் மனைவியின் நகைக்கடனில். 1.8 லட்சத்தில் தொடங்கியது, அதே நகை மேல் மூன்று முறை டாப்-அப் (கூடுதல் கடன்) வாங்கி 4.5 லட்சத்தில் நிற்கிறது, வட்டி 12%. ஜீப்பை ஒருவர் 5.25 லட்சத்துக்குக் கேட்கிறார். விண்டேஜ் வண்டி, பொறுத்திருந்தால் 9 லட்சம் போகும் என்கிறார் மெக்கானிக். மைத்துனரோ, “5 லட்சத்துக்கு நானே எடுத்துக்கறேன், மாசம் பத்தாயிரம் தர்றேன், பேர் மாத்தறதை அப்புறம் பாத்துக்கலாம்” என்கிறார். குழப்பமாக இருக்கிறது.

பதில்: ஜீப்பைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள், டாப்-அப் பற்றி ஒரே வரி. உங்கள் சிக்கல் அந்த ஒரு வரியில்தான். தங்கம் விலை ஏறும்போதெல்லாம் அதே நகைக்குக் கூடுதல் பணம் தர ஆள் இருக்கிறது. அதை நீங்கள் வருமானம் மாதிரி எடுத்துக்கொண்டு டயரும் வின்ச்சும் வாங்கியிருக்கிறீர்கள். அசலில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை.

4.5 லட்சத்துக்கு 12% என்றால் மாதம் 4,500 வட்டி. இன்சூரன்ஸ், பேட்டரி, சில்லறை வேலை எல்லாம் சேர்த்து 1,500 என்று வையுங்கள். ஜீப் சும்மா நின்றாலே மாதம் 6,000. இருபது மாதம் காத்திருந்தால் 1.2 லட்சம் போய்விடும். அப்போது 6.45 லட்சத்துக்கு விற்றாலும் இன்று 5.25-க்கு விற்றதும் அதுவும் ஒன்றே. மெக்கானிக் சொல்லும் 9 லட்சத்துக்கு இதுவரை யாராவது அட்வான்ஸ் நீட்டினார்களா?

அப்புறம் அந்த ‘விண்டேஜ்’. 2021-ல் வந்த மத்திய அரசு விதிப்படி முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டி, பெரிய மாற்றம் எதுவும் செய்யாமல் இருக்கும் வண்டிதான் விண்டேஜ். உங்களுடையதற்கு வயதும் போதாது, எஞ்சினும் வேறு. தயாரிப்பாளர் குறித்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதியாகச் சொல்லிவிட்டது. 1991 வண்டி என்றால் 2026-ல் ஆர்.சி. புதுப்பிக்க வேண்டியிருக்கும். 20 வருடம் தாண்டிய காருக்கு அதன் கட்டணமே இப்போது 10,000 ரூபாய். கட்டணத்தைக் கட்டிவிடலாம், ஆர்.சி.யில் ஒரு எஞ்சின் நம்பர், வண்டியில் வேறு நம்பர் என்றால் என்ன பதில் சொல்வீர்கள்?

நல்ல வேளை, வண்டியோடு வந்த பழைய பூஜோ எஞ்சினை ஷெட்டிலேயே வைத்திருக்கிறீர்கள். அதைத் திரும்ப மாட்டுங்கள். வின்ச்சையும் டர்போ எஞ்சினையும் தனியாக விற்றால் மாட்டும் கூலியாவது தேறும். இதனால் ஜீப்புக்குக் கொஞ்சம் குறைத்துக் கேட்டாலும் சரி, ஆர்.சி. தகராறில்லாமல் கைமாறும். வாங்குபவரிடம் இதுவரை செய்த மாற்றங்களை மறைக்காதீர்கள்.

மைத்துனர் விஷயம். மாதம் பத்தாயிரத்தை அப்படியே நகைக்கடனுக்குக் கட்டினாலும், ஐம்பதாவது தவணை முடியும்போது கடனில் இன்னும் ஏறக்குறைய 95,000 பாக்கி இருக்கும். ஜீப் அவர் வீட்டில், கடன் உங்கள் தலையில். அதைவிட மோசம் “பேர் மாத்தறது அப்புறம்” என்பது. ஆர்.சி.யில் யார் பெயரோ அவர்தான் உரிமையாளர் என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வால்பாறை மலைப்பாதையில் அவர் யார் மீதாவது மோதினால் நஷ்ட ஈட்டுக்கு நீங்கள் நிற்க வேண்டும். “வெளியில் முழுப் பணமும் கைமேல் தருகிறார்கள்” என்று சொல்லிவிடுங்கள். அவரால் முழுத் தொகை புரட்ட முடிந்தால், அவருக்கே கொடுங்கள், ஆட்சேபம் இல்லை.

விற்ற பணத்தை ஸ்மால்கேப் ஃபண்டில் (சிறிய நிறுவனப் பங்குகளில் முதலீடு செய்யும் ஃபண்ட்) போட்டுவிட்டு நகைக்கடனை அப்படியே ஓட்டலாம் என்று நண்பர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். வட்டி 12% நிச்சயம் போகும். ஃபண்ட் என்ன தரும் என்று அந்த நண்பர் எழுதிக் கையெழுத்துப் போடுவாரா? வேண்டாம். சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்த வண்டி என்பதால் மூலதன ஆதாய வரிப் பிரச்னை இல்லை. பணம் கைக்கு வந்ததும் நேராகக் கடனுக்குப் போகட்டும்.

பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கி, ஆர்.டி.ஓ.வில் கொடுத்த பிறகு சாவியைக் கொடுங்கள். மீட்டு வரும் நகை உங்கள் பீரோவுக்குத் திரும்ப வேண்டாம். மனைவி பெயரில் ஒரு லாக்கர் எடுங்கள். சாவி அவரிடமே இருக்கட்டும்.