‘சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன்’ என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? ஜோக், டீஸ், மாக் எல்லாம் ஒன்றுதானா?

ஒன்று இல்லை. அகராதியைப் புரட்டினால் டீஸ், மாக், ரிடிக்யூல், மேக் ஃபன் ஆஃப் எல்லாவற்றுக்கும் ‘கேலி செய்’ என்றே போட்டிருக்கும். அதை நம்பி நான் ஒருவர் மனதை நோகடித்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிது. எங்கள் குழுவில் இங்கிலாந்துப் பெண்மணி ஒருவர் இருந்தார், என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். எவ்வளவு பெரிய விஷயமானாலும் ஒரே வரியில் மின்னஞ்சல் எழுதி முடித்துவிடுவார். அதை வைத்துக் குழு அரட்டையில் இரண்டு மூன்று பேர் பிரியமாகச் சிரித்துக்கொண்டிருந்தோம். ‘என்ன, ஒரே சிரிப்பாக இருக்கிறது?’ என்று அவரே உள்ளே வந்து கேட்டார். ‘வீ வேர் ஜஸ்ட் மாக்கிங் யூ’ என்று எழுதிவிட்டேன். உங்களைச் சும்மா கிண்டல் பண்ணிக்கொண்டிருந்தோம் என்பதுதான் என் மனதில் இருந்தது. ‘ஐ சீ’ என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு இரண்டு நாள் வேலையைத் தவிர ஒரு சொல் பேசவில்லை.

மூத்த சகா ஒருவர்தான் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். “மாக்குன்னா பழிப்பு காட்டுறதுப்பா. ‘டீஸிங்’னு போட்டிருந்தா அவங்களும் சேர்ந்து சிரிச்சிருப்பாங்க.”

மாக் டெஸ்ட், மாக் இன்டர்வியூ என்று கேட்டுப் பழகிய நமக்கு அந்தச் சொல் சாதுவாகத் தெரிகிறது. அங்கே அதற்கு ‘போலி’, ‘ஒத்திகை’ என்று பொருள். ஒரு ஆளைக் குறித்து வந்தால், அவரை மட்டமாக நினைத்து எள்ளுவது. ரிடிக்யூல் அதற்கும் ஒரு படி மேலே, நாலு பேர் நடுவில் ஒருவரைச் சிறுமைப்படுத்துவது. இந்த இரண்டையும் ‘சும்மா’ என்பதோடு சேர்க்கவே முடியாது.

டீஸ் என்பது வேறு குணமுள்ள சொல். பழைய ஆங்கிலத்தில் கம்பளி மயிரைச் சிக்கெடுத்து, இழை இழையாகப் பிரிப்பதற்கு அந்தப் பெயர். நெய்த துணியின் மேல் பஞ்சுபோல மயிரை எழுப்ப முள் நிறைந்த ஒரு செடியின் காய்ந்த பூந்தலையை வைத்துத் தேய்ப்பார்கள். அந்தச் செடியின் பெயரும் இதே வேர்தான். மெல்ல இழுத்துப் பார்ப்பது, ஆனால் அறுத்துவிடாமல். நம் ‘கிண்டல்’ கிண்டுவதிலிருந்து வந்த மாதிரி, கையால் செய்யும் ஒரு வேலை மனசுக்கு இடம் மாறியிருக்கிறது. இதற்கு நேர் எதிரே சார்க்காஸம், அதாவது குத்தல் பேச்சு, இருக்கிறது. அதன் கிரேக்க வேருக்குச் சதையைக் கிழிப்பது என்று பொருள். கம்பளியை இழுப்பதற்கும் சதையைக் கிழிப்பதற்கும் உள்ள தூரம்தான் இந்தச் சொற்களுக்கு நடுவில் உள்ள தூரம். எனக்கு இது தெரிந்த நாளிலிருந்து இரண்டையும் குழப்பியதில்லை. (‘ஈவ் டீசிங்’ என்று கேட்டுக் கேட்டு டீஸ் என்றாலே நமக்குக் கெட்ட வார்த்தையாகப் படுவது உண்டு. அது நம் பக்கத்து ஆங்கிலத்தின் வழக்கு. மற்ற இடங்களில் அண்ணன் தங்கையைச் சீண்டுவதும் டீஸிங்தான்.)

சரி, நீங்கள் கேட்ட ‘சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன்’. இதற்கு அன்றாடம் புழங்குவது ‘ஐ வாஸ் ஜஸ்ட் கிட்டிங்’. கிட் என்றால் முதலில் ஆட்டுக்குட்டி, பிறகு குழந்தை. ஒருவரைக் குழந்தை மாதிரி நடத்தி ஏய்ப்பது என்ற வழியில் இந்த வினை வந்ததாகவே பெரும்பாலும் சொல்கிறார்கள். நண்பர், மேலதிகாரி, புதிதாகப் பார்த்தவர் என்று யாரிடமும் சொல்லலாம். ‘ஐ வாஸ் ஜோக்கிங்’ என்பதும் சரி. ஆனால் ஜோக் என்ற வினைக்குப் பின்னால் நேராக ஆளைப் போடக் கூடாது. ‘ஹீ ஜோக்ட் மீ’ என்று நம்மவர்கள் நிறையப் பேர் எழுதுகிறார்கள். ‘ஜோக்ட் வித் மீ’ என்றால் என்னோடு சேர்ந்து, ‘ஜோக்ட் அபவுட் மீ’ என்றால் என்னைப் பற்றி. கிட், டீஸ் இரண்டுக்கும் இந்தத் தொல்லை இல்லை, ஆளை நேராகவே போடலாம். ‘மேக் ஃபன்’ என்பதற்கு ‘ஆஃப்’ கட்டாயம். அதோடு அது பாதிக்குப் பாதி வலிக்கிற சொல் என்பதையும் நினைவில் வையுங்கள். பள்ளியில் எல்லோரும் என்னைக் கேலி செய்தார்கள் என்று ஒரு குழந்தை அழுதுகொண்டு சொல்வது இந்தச் சொல்லால்தான்.

தமிழிலிருந்து அப்படியே தூக்கிக்கொண்டு போகக் கூடாதவையும் உண்டு. ‘காமெடி பண்ணாதே’ என்பதை ‘டோன்ட் டூ காமெடி’ என்றால் மேடை நாடகத்தில் நடிக்க வேண்டாம் என்பது போல ஒலிக்கும். ‘ஸ்டாப் கிட்டிங் அரவுண்ட்’ போதும். கடி ஜோக்குக்கு ‘டாட் ஜோக்’ கிட்டத்தட்டப் பொருந்தும், அப்பாக்கள் சொல்லும் அசட்டு நகைச்சுவை என்ற அர்த்தத்தில். கலாய்ப்பதற்கு இப்போது ‘ரோஸ்ட்’ நன்றாகவே உட்கார்ந்துவிட்டது.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது கால். நம்மில் ‘காலை வாரிவிட்டான்’ என்றால் நம்ப வைத்துக் கவிழ்த்தான் என்று பொருள். ஆங்கிலத்தில் ‘புல்லிங் யுவர் லெக்’ என்றால் பொய் ஒன்றை நிஜம் போலச் சொல்லி விளையாட்டாக நம்ப வைப்பது, அவ்வளவுதான். பகையே கிடையாது. யாராவது உங்களிடம் ‘ஆர் யூ புல்லிங் மை லெக்?’ என்று கேட்டால் பதறி விளக்கம் சொல்ல வேண்டாம். ‘நிஜமாகத்தான் சொல்கிறாயா, விளையாடுகிறாயா?’ என்றுதான் கேட்கிறார்.

இதையே பிரிட்டனில் ‘ஹேவிங் மீ ஆன்’ என்பார்கள், அமெரிக்காவில் ‘மெஸ்ஸிங் வித் மீ’ அதிகம் காதில் விழும். ‘வைண்டிங் மீ அப்’ பிரிட்டனுக்கே உரியது. கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது போல ஒருவரை வேண்டுமென்றே முறுக்கேற்றுவது, நம் வம்பிழுப்புக்கு மிக நெருக்கம். ஒருவரைக் கிண்டல் செய்வதைச் சொல்லும் ‘டேக்கிங் த மிக்கி’யும் அங்கேதான். அயர்லாந்தில் ‘ஸ்லாகிங்’ என்றால் நண்பர்கள் ஒருவரை ஒருவர் வாரிக்கொள்வது. அதே சொல்லோடு ‘ஆஃப்’ சேர்த்துப் பிரிட்டனில் சொன்னால் ஒருவரைக் கண்டபடி திட்டுவது. நாடு தெரியாமல் அதை எடுக்காதீர்கள்.

‘பேன்டர்’ என்ற சொல்லின் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். 17-ஆம் நூற்றாண்டில் தெருப்பேச்சாகக் கிளம்பிய சொல் அது. எழுத்தாளர் ஜோனதன் ஸ்விஃப்டுக்கு அதைக் கண்டாலே ஆகாது. ‘மாப்’ (கும்பல்), ‘பேன்டர்’ என்ற இரண்டு சொற்களும் பரவாமல் தடுக்கப் பல வருடங்களாகப் பாடுபட்டும் கூட்டத்தின் பலத்துக்கு முன்னால் தோற்றுவிட்டதாக 1710-இல் டாட்லர் இதழில் எழுதினார். அந்தச் சொல் இன்றைக்கு இருவர் மாறி மாறி விட்டுக்கொள்ளும் நட்பான பேச்சைக் குறிக்கிறது. மாறி மாறி என்பது முக்கியம். ஒருவரே அடித்துக்கொண்டு மற்றவர் வாங்கிக்கொண்டே இருந்தால் அதற்குப் பேன்டர் என்று பெயர் வைக்க முடியாது.

இன்னொன்று. ‘யூ ஆர் கிட்டிங்!’ என்று எதிராளி சொன்னால் அது பெரும்பாலும் வியப்பு, ‘நிஜமாவா!’ என்பது போல. ‘ஆர் யூ கிட்டிங் மீ?’ என்று இழுத்தால் கோபமாகவும் இருக்கலாம். குரலைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

அப்புறம், ஒருவர் நிஜமாகவே நொந்துபோயிருக்கும்போது ‘ஐ வாஸ் ஒன்லி ஜோக்கிங்’ என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். உனக்குச் சிரிக்கத் தெரியவில்லை என்று அவர்மேலேயே பழியைத் திருப்புவது போல ஆகிவிடும். அந்தப் பெண்மணியை மூன்றாம் நாள் நான் தொலைபேசியில் அழைத்தேன். தவறான சொல்லைப் போட்டுவிட்டேன், டீஸிங் என்று எழுத நினைத்தேன், உங்கள் ஒரு வரி மின்னஞ்சல்கள் எங்களுக்குப் பிடிக்கும், மன்னித்துவிடுங்கள் என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு சிரித்தார். அன்று மாலை அவரிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது, வழக்கம்போல ஒரே வரியில்: ‘டீஸ் அவே.’