வலிப்பு நோய் உள்ளவர் அன்றாட உடல்நலத்தில் எவற்றைக் கவனிக்க வேண்டும்?

கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கும் உங்கள் தங்கைக்கு இரண்டு முறை வலிப்பு வந்ததாகவும், நரம்பியல் மருத்துவர் மாத்திரை தொடங்கியிருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். விடுதியில் தங்கிப் படிக்கும் அவள் இனி எல்லோரையும் போல வாழ முடியுமா, காய்ச்சல், பல்வலி போன்ற சாதாரணத் தொல்லைகள் வந்தால் என்ன செய்வது என்பது உங்கள் கேள்வி. நான் மருத்துவர் அல்ல. திருச்சியில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கராக வேலை பார்க்கிறேன். 2001இல், பதினொன்றாம் வகுப்பு படிக்கும்போது, காலை இறைவணக்கத்துக்காக வரிசையில் நின்றிருந்த இடத்தில் எனக்கு முதல் வலிப்பு வந்தது. அதற்குப் பிறகு படித்தேன், வேலைக்குப் போனேன், திருமணம் செய்துகொண்டேன், ஒரு மகளைப் பெற்று வளர்க்கிறேன். உங்கள் தங்கையாலும் முடியும்.

முறையாகக் கண்டறிந்து மருந்து கொடுத்தால் வலிப்பு நோயாளிகளில் 70 விழுக்காடு வரையானோர் வலிப்பே இல்லாமல் வாழ முடியும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. மாத்திரை தொடங்கிய பின் எனக்கு வந்த பெரிய வலிப்புகள் ஐந்துதான். ஐந்தையும் தேதி, நேரம், அதற்கு முந்தைய நாள் என்ன சாப்பிட்டேன், எத்தனை மணி நேரம் தூங்கினேன் என்பது வரை ஒரு நீள நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். அந்த நோட்டைப் புரட்டும்போதெல்லாம் எனக்கு ஒன்று புலப்படுகிறது. ஐந்தில் ஒன்றுகூடக் காரணமில்லாமல் வந்ததாக இல்லை. ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு சின்ன உடல் தொல்லையோ, தூங்காத இரவோ, தவறிப்போன மாத்திரையோ இருக்கிறது. எல்லோருக்கும் இப்படி அமையும் என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் சாதாரணத் தொல்லைகளைப் பற்றிய உங்கள் கேள்வியைத்தான் நான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன்.

தூக்கத்தை எல்லாவற்றுக்கும் முன்னால் வைப்பேன். ஐந்தில் முதலாவது, கல்லூரித் தேர்வுக்காக இரண்டு இரவு கண் விழித்துப் படித்த பின் வந்தது. கடைசியாக வந்தது 2019 மகா சிவராத்திரிக்கு மறுநாள் காலையில். நான்கு காலப் பூசையையும் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசையில் பகலில் விரதம் இருந்து, இரவு முழுவதும் கோயிலிலேயே உட்கார்ந்திருந்தேன். விடியற்காலையில் வீட்டுக்கு வந்து பால் காய்ச்ச அடுப்பைப் பற்ற வைத்தபோது, வயிற்றிலிருந்து ஏதோ நெஞ்சை நோக்கி ஏறுவது போலவும், இதே நிமிடம், இதே பால், இதே வெளிச்சம் எல்லாம் ஏற்கெனவே ஒருமுறை நடந்தது போலவும் தோன்றியது. எனக்கு வலிப்பு வருவதற்கு முன் வழக்கமாகத் தோன்றும் அறிகுறி அது. கை நீட்டி அடுப்பை அணைத்தது நினைவில் இருக்கிறது. தரையில் உட்கார்ந்தது நினைவில் இல்லை. விழித்தபோது நாக்கின் ஓரம் கடிபட்டு வாயெல்லாம் இரத்தச் சுவை, உடம்பெல்லாம் அடித்துப் போட்டாற்போல் வலி. தூக்கம் கெட்டால் மூளையின் நரம்பணுக்கள் எளிதில் கிளர்ந்துவிடுகின்றன; இதனால்தான் சிலருக்கு மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் ஈஈஜி சோதனை எடுக்கும்போது முந்தைய இரவு தூக்கத்தைக் குறைத்துக்கொண்டு வரச் சொல்கிறார்கள். இப்போது சிவராத்திரியன்று முதல் காலப் பூசையோடு வீடு திரும்பிவிடுகிறேன். இரவுப் பேருந்துப் பயணத்தையும் முடிந்தவரை தவிர்க்கிறேன். விடுதியில் அரட்டையும் தேர்வுப் படிப்பும் நள்ளிரவைத் தாண்டும் என்பதால், தங்கையிடம் முதலில் பேச வேண்டியது இதைப் பற்றித்தான்.

அடுத்தது மாத்திரை. ஒருமுறை ஊர் விருந்தில் சாப்பிட்டது ஒத்துக்கொள்ளாமல் இரண்டு நாள் வாந்தியும் பேதியுமாகக் கிடந்தேன். விழுங்கிய மாத்திரை வெளியே வந்துவிட்டது என்பதே எனக்கு உறைக்கவில்லை. மூன்றாம் நாள் வலிப்பு வந்தது. விழுங்கிய அரை மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் அந்த வேளை மாத்திரையை மறுபடியும் போட வேண்டும் என்று என் மருத்துவர் எனக்குச் சொல்லியிருக்கிறார். மருந்துக்கு மருந்து இது மாறும் என்பதால் தங்கையின் மருத்துவரிடம் இப்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு முறை கையிருப்பு தீர்ந்தது தெரியாமல், நீண்ட விடுமுறையில் வெளியூரில் இரண்டு நாள் மருந்தில்லாமல் இருந்துவிட்டேன். அதன் பலன் நோட்டில் நான்காவதாகப் பதிவாகியிருக்கிறது. அன்று முதல் பத்து நாளுக்கான மாத்திரை எப்போதும் தனியாக என் கைப்பையில் இருக்கும். மருந்துக்கடைக்காரர் அதே மருந்தை வேறு கம்பெனி பெயரில் கொடுத்தால், மருத்துவரைக் கேட்காமல் நான் வாங்குவதில்லை. நன்றாகத்தானே இருக்கிறோம் என்று தானாக நிறுத்துவது எல்லாவற்றிலும் ஆபத்தானது. திடீரென நிறுத்தினால் வலிப்பு ஒன்றன்மேல் ஒன்றாக, இடைவிடாமல் வந்து உயிருக்கே தீங்காகலாம்.

பல்வலியைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். 2010இல் திருமணமாகி நான்கு மாதங்கள் ஆகியிருந்தன. என் கணவருக்கு என் நோய் தெரியும். மாமியாருக்குத் தெரியாது, சொல்ல வேண்டாம் என்று எங்கள் வீட்டில் முடிவு செய்திருந்தார்கள். கடைவாய்ப் பல் வலித்து, அத்தை என்னைப் பல் மருத்துவரிடம் அழைத்துப் போனார்கள். வேறு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று அந்த மருத்துவர் கேட்டார். அத்தை பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். இல்லை என்றேன். அவர் எழுதிக் கொடுத்த வலி மாத்திரையில் டிரமடால் கலந்திருந்தது. வலிப்பு நோயாளிகளுக்கு எச்சரிக்கையோடு மட்டுமே கொடுக்க வேண்டிய மருந்து அது. வலிப்பு வரும் எல்லையை அது தாழ்த்திவிடும். மறுநாள் இரவு, மறைக்க வேண்டும் என்று நினைத்த அத்தையின் கண் முன்னாலேயே விழுந்தேன். அந்த மருத்துவர் மீது எந்தக் குற்றமும் இல்லை. கேட்க வேண்டியதை அவர் கேட்டார், பொய் சொன்னது நான்தான்.

அதற்குப் பிறகு எந்த மருத்துவரிடம் எதற்காகப் போனாலும், உட்கார்ந்ததும் எனக்கு வலிப்பு இருக்கிறது, இந்த மருந்து இந்த அளவில் சாப்பிடுகிறேன் என்று சீட்டைக் காட்டிவிடுகிறேன். சாதாரணமாக எழுதப்படும் சிப்ரோபிளாக்சசின், ஒபிளாக்சசின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லிகளும் சிலருக்கு வலிப்பைத் தூண்டக்கூடும். கார்பமசெபின் என்ற வலிப்பு மருந்தைச் சாப்பிடுபவருக்கு எரித்ரோமைசின் அல்லது கிளாரித்ரோமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியைக் கொடுத்தால் இரத்தத்தில் கார்பமசெபின் அளவு ஏறித் தலைச்சுற்றலும் தள்ளாட்டமும் வரும். மருந்துக்கடையில் நின்று சளிக்கும் உடம்பு வலிக்கும் என்று கேட்டு வாங்கும் பழக்கத்தை நம் ஊரில் யாரும் பெரிதாக நினைப்பதில்லை. உங்கள் தங்கை அதை அடியோடு விட்டுவிட வேண்டும். காய்ச்சல் வந்தால் நான் பாரசிட்டமால் போட்டுக்கொண்டு, கஞ்சியும் தண்ணீரும் நிறையக் குடித்து, விடுப்பு எடுத்துத் தூங்கிவிடுவேன். காய்ச்சல் குறையாவிட்டாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுவேன்.

கைவைத்தியத்திலும் கவனம் வேண்டும். நீலகிரித் தைலமும் கற்பூரமும் வலிப்பைத் தூண்டக்கூடியவை. தைலம் போட்டு ஆவி பிடிப்பதையும், கற்பூரத்தை எண்ணெயில் காய்ச்சித் தேய்ப்பதையும் நான் நிறுத்திவிட்டேன். வெறும் வெந்நீர் ஆவியே மூக்கடைப்புக்குப் போதுமானதாக இருக்கிறது. தலையில் சூடான நீரை ஊற்றிக் குளிக்கும்போது மட்டும் வரும் வெந்நீர் வலிப்பு என்றும் ஒரு வகை உண்டு. இது தென்னிந்தியாவில், குறிப்பாகக் கர்நாடகத்தில், அதிகம். பெங்களூரில் உள்ள நிம்ஹான்ஸ் என்ற மனநல, நரம்பியல் நிறுவனத்தின் மருத்துவர்கள் 1988இல் இத்தகைய 279 பேரைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாளில் மட்டும் வலிப்பு வருகிறதா என்று கவனித்துச் சொன்னால், தண்ணீரின் சூட்டைக் குறைப்பதே சிகிச்சையின் பெரும்பகுதியாக அமையலாம்.

மாத்திரைகளுக்கும் பக்கவிளைவு உண்டு. நான் முதலில் சாப்பிட்டது பெனிடாயின். இரண்டு ஆண்டுகளில் ஈறு தடித்துப் பற்களை மூடத் தொடங்கியது; காலையும் இரவும் ஒழுங்காகப் பல் துலக்கினால் அது ஓரளவு கட்டுப்படும் என்று யாராவது முன்பே சொல்லியிருக்கலாம். அந்த மருந்து எலும்பின் வலுவையும் குறைக்கக்கூடும். லெவெடிரசெடாம் சிலருக்குக் கோபத்தையும் மனச்சோர்வையும் கொண்டுவரும். வீட்டில் உள்ளவர்கள் அதைக் குணக்கேடு என்று எடுத்துக்கொள்ளாமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். நான் இப்போது சாப்பிடும் லாமோட்ரிஜின் மெல்ல மெல்ல அளவு ஏற்ற வேண்டிய மருந்து. தொடக்கத்தில் தோலில் தடிப்பு தெரிந்தால் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

உங்கள் தங்கை இளம்பெண் என்பதால் இன்னொன்று. வால்புரோயேட் என்ற வலிப்பு மருந்து கருவில் உள்ள குழந்தையைப் பாதிக்கக்கூடியது. வேறு வழி இருந்தால் இளம்பெண்களுக்கு அதைத் தவிர்க்கப் பார்ப்பார்கள். எழுதப்பட்டிருப்பது எந்த மருந்து என்று பாருங்கள். ஆனால் மருத்துவரிடம் பேசாமல் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தில் வலிப்பு உள்ள தாய்மாருக்காக 1998 முதல் ஒரு பதிவேடு வைத்துத் தொடர்ந்து ஆராய்ந்து வருகிறார்கள். வலிப்பு உள்ள பெண்களில் பெரும்பான்மையினர் நலமான குழந்தைகளையே பெறுகிறார்கள். நான் கருவுறுவதற்கு முன்பே மருந்து மாற்றி, போலிக் அமிலம் என்ற வைட்டமின் மாத்திரையைத் தொடங்கினார்கள். கர்ப்ப காலத்தில் இரத்தத்தில் லாமோட்ரிஜின் அளவு இறங்கும் என்பதால் மாத்திரையின் அளவைக் கூட்டினார்கள், பிரசவத்துக்குப் பின் குறைத்தார்கள். கருத்தடை மாத்திரைகளும் சில வலிப்பு மருந்துகளும் ஒன்றையொன்று பாதிக்கும்; அதைக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

மறைப்பதைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. இந்து திருமணச் சட்டத்தில் திருமணத்துக்குத் தடையாகக் குறிக்கப்பட்டிருந்த வலிப்பு நோய், 1999 திருத்தத்தில் நீக்கப்பட்டுவிட்டது. வீடுகளில் அந்தத் தடை இன்னும் நீங்கவில்லை. என் அம்மா மருத்துவரிடம் அழைத்துப் போகும் முன் என்னைத் திருவாசிக் கோயிலுக்கு அழைத்துப் போனார்கள். கொல்லிமழவன் என்ற சிற்றரசனின் மகளுக்கு வந்த முயலகன் நோயை, அதாவது வலிப்பை, சம்பந்தர் பதிகம் பாடித் தீர்த்த தலம் அது. அங்கே நடராசர், வழக்கமாகக் காலடியில் இருக்கும் முயலகன் என்ற அசுரனுக்குப் பதிலாகப் பாம்பின் மேல் நின்று ஆடுகிறார். அந்தக் கோயில் எனக்கு இன்றும் பெரிய ஆறுதல். ஆண்டுதோறும் போகிறேன், கைப்பையில் மாத்திரையோடு. அத்தையோ, அந்த இரவுக்குப் பிறகு இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், எத்தனை மணிக்கு மாத்திரை என்று மட்டும் கேட்டார்கள். இன்றும் இரவு ஒன்பது மணிக்கு அறை வாசலில் அவர்கள் குரல் கேட்கும்: "போட்டாச்சாம்மா?"

வீட்டுக்குள் செய்துகொண்ட மாற்றங்கள் சிறியவை. குளியலறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் போடுவதில்லை, வெளியே ஒரு துண்டைத் தொங்க விடுகிறேன். கிணறு, குளம், ஆறு எதிலும் தனியாக இறங்குவதில்லை. குழம்பும் எண்ணெய்ச் சட்டியும் எப்போதும் உள்பக்க அடுப்பில்தான். ஓட்டுநர் உரிமத்துக்கான உடல்நல உறுதிமொழிப் படிவத்தில் வலிப்பு உண்டா என்று நேரடியாகவே கேட்கிறார்கள். நான் வண்டி ஓட்டக் கற்கவில்லை, பேருந்திலும் ஷேர் ஆட்டோவிலும்தான் வேலைக்குப் போகிறேன்.

பொருத்தமான இரண்டு மருந்துகளைச் சரியான அளவில் கொடுத்தும் வலிப்பு நிற்காதவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் ஆண்டுக்கணக்கில் மாத்திரை மட்டும் மாற்றிக்கொண்டிராமல், அறுவை சிகிச்சை வசதியுள்ள பெரிய மையத்தில் ஒருமுறை காட்ட வேண்டும். வலிப்பு மூளையின் ஒரே இடத்திலிருந்து கிளம்பினால் அந்த இடத்தை அகற்றிக் குணப்படுத்த வாய்ப்பு உண்டு.

இனி விடுதிக்கு வருகிறேன். அறைத் தோழிகளிடமும் விடுதிக் காப்பாளரிடமும் தங்கையே சொல்லட்டும். நீங்கள் போய்ச் சொன்னால் அவளுக்குத் தெரியாமல் பேசியது போலாகிவிடும். சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். வலிப்பு வந்தால் கையில் சாவியோ இரும்போ கொடுக்கத் தேவையில்லை. பெரும்பாலான வலிப்புகள் இரண்டு மூன்று நிமிடங்களில் தாமாகவே நின்றுவிடும், சாவி கொடுத்ததால் நின்றது என்று நாம் நம்பிவிட்டோம். பல்லுக்கு இடையில் கரண்டியோ விரலோ வைக்கக் கூடாது, கை கால்களை அமுக்கிப் பிடிக்கக் கூடாது. கண்ணாடியைக் கழற்றி, தலைக்கடியில் துணியை மடித்து வைத்து, எச்சில் வழிந்து வெளியேறும்படி ஒருபக்கமாகத் திருப்பிப் படுக்க வைத்து, கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ, தெளியாமலேயே அடுத்த வலிப்பு வந்தாலோ, தலையில் அடிபட்டிருந்தாலோ 108ஐ அழைக்க வேண்டும். முழுவதும் தெளியும் வரை தண்ணீரோ மாத்திரையோ வாயில் கொடுக்க வேண்டாம்; கூட்டத்தை விலக்கிவிட்டு, ஒருவர் மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் பெயரைச் சொல்லி, எங்கே இருக்கிறாள் என்பதை மெதுவாகச் சொன்னால் போதும்.